ஒரே மிஷின், இரண்டு கிருமி

கொழுந்து வெட்டும் மிஷினைத் தனியாளாகத் தூக்க முடியாது. தேயிலை நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் பிளேடு. நாள் முழுக்க எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் பல வருடங்களாகப் பிடித்தவர் பக்கத்து லயன் வீட்டு அண்ணன். உறவில்லை, என்னைவிட மூத்தவர், அவ்வளவுதான். அவர் பேசுவார், நான் கேட்பேன். மிஷின் சத்தத்தில் பாதி கேட்காது. பதில் சொல்லத் தெரியாத எனக்கு அதுவும் வசதிதான்.

முதலில் இருமல் வந்தது எனக்குத்தான். இந்தக் குளிரில் இருமாதவர் யார் என்று இருந்துவிட்டேன். சளியில் ரத்தம் கண்ட பிறகு கிளினிக்குக்குப் போனேன். காசநோய் என்றார்கள். தினமும் கிளினிக் நர்ஸ் மிசியின் கண் முன்னால் மாத்திரை விழுங்கினேன். கூட வேலை செய்கிறவர் என்று அண்ணனுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. சில வாரம் கழித்து, இனி என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று விட்டார்கள். அதுவரை வேலை பிரித்துக்கொடுக்கும் மண்டோர் அண்ணனுக்கு வேறு ஜோடி கொடுத்திருக்கிறார். "என் ஆளு வரட்டும்லா" என்று அவர் புல்வெட்டப் போய்விட்டாராம்.

திரும்பி வந்த நான் அவர் பக்கம் மூச்சு விடவே பயந்தேன். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நடந்தேன். முகம் திரும்பினால் தோளும் திரும்பும், மிஷின் சாயும், பிளேடு குச்சி வரைக்கும் இறங்கிவிடும்.

"முடி வெட்டச் சொன்னா மொட்டை அடிக்கிறீங்களே!" என்று மண்டோர் கத்தினார்.

"நான் என்ன செய்ய? இவன் கல்யாணப் பொண்ணு மாதிரி மூஞ்சியத் திருப்புறான்" என்றார் அண்ணன்.

கொஞ்ச மாதத்தில் அண்ணன் இருமத் தொடங்கினார். அவருக்கும் அதே நோய். யாரிடமிருந்து வந்தது என்று லயனில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. என்னைக் கண்டால் "தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்கும் அண்ணி, இப்போது குழாயடியில் வாளி நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளினிக்கில் இருந்த மலாய் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, உங்கள் கிருமிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். என் சளியிலிருந்து முதலில் வளர்த்த கிருமி பெரிய லேபில் பத்திரமாக இருந்ததாம். சம்மதித்தோம். அது எப்படியோ லயனுக்குத் தெரிந்துவிட்டது. டி.என்.ஏ. என்றால் எங்கள் ஆட்களுக்குத் தொலைக்காட்சி நாடகம்தான். இரண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்களா என்று பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். "எங்கப்பாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லலா."

டாக்டரம்மா எனக்காக மெதுவாக விளக்கினார். ஒரு கிருமி இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும். பிள்ளைகள் தாயைப் போலவே இருக்கும். வெகு காலம் போனால்தான் சின்னச் சின்ன வித்தியாசம் சேரும். என்னிடமிருந்து அவருக்குப் போயிருந்தால் இரண்டின் அடையாளமும் ஒன்றாக, அல்லது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். நான் ஆரம்பப் பள்ளியோடு நின்றவன். ஆனால் தேயிலை நர்சரியில் வேலை செய்திருக்கிறேன். ஒரு தாய்ச்செடியில் குச்சி வெட்டி நட்ட காடு முழுக்க ஒரே இலை, ஒரே பச்சை. விதை போட்டு வளர்ந்த பழைய காட்டில் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி. கிருமி குச்சி நட்ட காடு என்று வைத்துக்கொண்டேன்.

புரிந்ததால் நிம்மதி வந்துவிடவில்லை. அந்தக் கிருமி மெதுவாக வளரும் ஜாதி. அண்ணனுடைய சளியிலிருந்து அது வளர்ந்து முடிவு வரும்வரை அவர் வீட்டில் மாத்திரையோடு கிடந்தார். மண்டோர் எனக்கு வேறு ஜோடி கொடுத்தார். வேண்டாம் என்று நான் புல்வெட்டப் போனேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கடைச் சாமான் உறையில் இருப்பதுபோல் கோடுகள். மேலே என்னுடையது, கீழே அண்ணனுடையது. எனக்கே தெரிந்தது: கோடுக்குக் கோடு சேரவில்லை. "புக்கான் டாரி அவாக்" என்றார். உங்களிடமிருந்து இல்லை. ஒரே நோய்தான், வேறு வேறு வம்சம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் நனைந்ததை இருவரும் பார்க்கவேண்டாம் என்றுதான்.

வெளியே வந்ததும் அண்ணன் என் முதுகில் தட்டினார். "இத்தன வருசம் எதுருக்கு எதுரு நின்னும் ஒரு பூச்சியக்கூட எனக்குத் தர மனசு வரல ஒனக்கு. கஞ்சப்பய."

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தார். அண்ணன் விவரம் சொன்னதும் என் பக்கம் பார்க்கக் கூச்சப்பட்டு, புருஷனைப் பிடித்துக்கொண்டார். "அப்ப யாருகிட்ட இருந்து வந்துச்சாம்? திரிங்காப் ஊரு லோரிக்காரன்கூட உக்காந்து போவீங்களே, அவனா? பிரிஞ்சாங் பசார் மாலாம்ல ராத்திரி கடை போட்டு அப்பம் சுடுறவரு இருமிக்கிட்டே இருக்காரே, அவரா?"

லோரிக்காரரை எனக்குத் தெரியும். அப்பக்காரரைத் தெரியாது. இரண்டு பேரும் என் கண்முன் வந்து, என்னைப்போலவே குழாயடியில் தனியாக நின்றார்கள்.

"வேணாம் அண்ணி" என்றேன். "தேடாதீங்க. கொடுத்தவருக்கே தெரியாதுதானே. தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காது."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அண்ணனிடம், "இந்தத் தம்பி இவ்வளவு பேசுமா?" என்றார்.

"மிஷின் நிக்கிறப்ப பேசுவான்லா."

அன்று அவர்கள் வீட்டில் நெத்திலி சம்பல். போகவேண்டும் என்று எழுந்த என்னை அண்ணி தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டார். நன்றாகச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சம்பல் வேண்டும் என்று நானே கேட்டேன்.