லோரியில் ஏறாமல் அரண்மனை பார்த்தவள்

பாப்பம்மாவை எங்காவது அழைத்துப் போவதாக யார் சொன்னாலும், போகிற இடத்தைப் பற்றி அவள் கேட்கமாட்டாள். "எப்பத் திரும்புறோம்? எதுல திரும்புறோம்?" என்றுதான் கேட்பாள். அதற்குக் காரணம் இருந்தது. சிறுமியாக இருந்தபோது, தைப்பூசம் பார்க்கப் போகலாம் என்று சொல்லி அவள் சித்தப்பா அவளைப் பினாங்குக்கு அழைத்துப் போனார். தேரைப் பார்த்தார்கள், சர்பத் குடித்தார்கள். பிறகு ஒரு வீட்டின் பின்கட்டில் அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சித்தப்பா வெளியே போனார். திரும்பி வரவில்லை. கலியாணம் ஆகும்வரை அந்த வீட்டில்தான் பாத்திரம் கழுவினாள்.

இருளப்பனைக் கட்டிக்கொண்டு, பீடோங்குக்கும் குரூணுக்கும் நடுவே ஒரு கித்தா தோட்டத்துக்கு, ரப்பர் மரக் காட்டுக்கு வந்தாள். பால் வடிய மரம் வெட்டுவதில் கெட்டிக்காரி. ஆனால் யாரையும் நம்பாதவள் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பெயர் வாங்கியிருந்தாள். பால் நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். புருஷன் கள்ளுக்கடைக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்தால், "ஊது, பார்ப்போம்" என்பாள்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை இரவோடு இரவாக ஓடிப்போனார். அரிசி காணாமல் போயிற்று. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எல்லாருக்கும் முகம் வெளுத்தது. நாற்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்ததும் இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆம்பிளைகளைப் பிடிக்கிறார்கள் என்று லயத்துச் சுவர்களுக்குப் பின்னால் பேச்சு நடந்தது.

அந்தச் சித்திரையில் ஒரு காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திவைத்து, மேற்பார்வைக்கார மண்டோர் அய்யாவு ஒரு சேதி சொன்னார்.

"ஜப்பான் ராசாவுக்குப் பொறந்தநாள் வருது. நமக்கெல்லாம் அலோர் ஸ்டார் அரண்மனையைச் சுத்திக் காட்டப்போறாங்க. காலையில லோரி வரும், சாயங்காலம் கொண்டாந்து விட்டுரும். மத்தியானம் அரிசிச் சோறு. கூடவே ஒரு ஆள் வந்து எல்லாத்தையும் விளக்கிச் சொல்லுவாரு. ஆம்பளைங்க மட்டும் பேர் குடுங்க."

அரிசிச் சோறு என்றதும் களத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பாப்பம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏன் மண்டோரே, பொம்பளைங்களுக்குக் கண்ணு இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவு சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்ற, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முத்துக்குமாரு, யாழ்ப்பாணத்து மனுஷர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பம்மா அதையும் பார்த்தாள்.

இருளப்பனுக்கு ஆசையை ஏற்றிவிட்டவன் முருகையா. பக்கத்துத் தோட்டத்துக்காரன், இருளப்பனோடு கள் குடிக்கிறவன். அவன் தோட்டத்திலிருந்து ஏற்கனவே ஒரு லோரி அரண்மனை பார்க்கப் போயிருந்தது. மற்றவர்கள் திரும்பவில்லை. முருகையா மட்டும் புதுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"மலை மேல இருக்கு அண்ணே அரண்மனை," என்று லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்னான். "ஏறிப் போனா கடல் தெரியுது. தூணெல்லாம் பளிங்கு. எல்லாத்தையும் ஒவ்வொண்ணாக் காட்டுனாங்க லா. நம்ம ஆளுங்களுக்கு அங்கேயே பூந்தோட்ட வேலை குடுத்துட்டாங்க. மூணு வேளையும் சோறு. எவன் திரும்பி வருவான்?"

உள்ளேயிருந்து பாப்பம்மா கேட்டாள்: "நீ ஏன் வந்த?"

"வீட்டு ஞாபகம் வந்துருச்சு தங்கச்சி."

முருகையாவுக்கு வீட்டில் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. உடன்பிறந்த தம்பி ஒருவன்தான். அந்தத் தம்பியும் அதே லோரியில் போனவன்.

அவன் போன பிறகு இருளப்பன், "நானும் பேர் குடுத்துட்டேன்," என்றான்.

"அவன் சொல்றதை நம்பியா?"

"நீ எதைத்தான் நம்பியிருக்க? கெழங்கு தின்னு நாக்கு செத்துப்போச்சு. ஒரு நாள் போய் ராசா வீட்டைப் பாத்துட்டு, வயிறாறச் சோறு தின்னுட்டு வரேன். அதுல உனக்கு என்ன நட்டம்?"

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. அவன் காதில் போட்டது கள்ளுக்கடையில் முருகையாவுக்கும், அங்கிருந்து மண்டோருக்கும் போய்விடும் என்று தெரியும். அரண்மனை ஒன்றும் சயாமில் இல்லையே, நாமே போய்ப் பார்த்தால் என்ன என்று யோசித்தாள்.

இரண்டு நாள் கழித்து, குரூணில் இருக்கும் அத்தை மகள் குணவதியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். கலியாணப் புடவையை மடித்துப் பைக்குள் கிழங்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அலோர் ஸ்டார் பக்கம் துணிக்கு அரிசி மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணமும் வேண்டும்.

குரூண் ஸ்டேஷனில் ரயிலுக்குள் நிற்க இடமில்லை. விறகு எரித்து ஓடிய அந்த ரயிலில் நெருப்புப் பொறி பறந்து வந்து மேலே விழுந்தது. பக்கத்தில் நின்றவன் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்கு" என்றாள். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை.

குரூணைத் தாண்டி வெகுதூரம் போனதும் காடு விலகி, அறுத்த வயல் தொடங்கியது. பாப்பம்மா இப்படி ஒரு தட்டையான பூமியைப் பார்த்ததேயில்லை. அலோர் ஸ்டாரில் இறங்கி நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தாள். மலை எங்கே? தூரத்தில் வானத்தோரம் ஏதோ நீலமாகத் தெரிந்ததே தவிர, ஊரில் ஒரு மேடுகூட இல்லை.

சந்தையில் ஒரு மலாய்க்காரியிடம் புடவையைக் கொடுத்து அரிசி வாங்கி, இடுப்பைச் சுற்றித் துணியில் கட்டி மறைத்துக்கொண்டாள். அவளிடமே வழி கேட்டாள். அரண்மனை ஊருக்கு நடுவில், கறுப்புக் கும்மட்டங்கள் வைத்த பெரிய பள்ளிவாசலுக்கு எதிரில் இருந்தது. பளிங்கு இல்லை. மரத்தால் கட்டிய அகலமான மண்டபம். அதற்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கோபுரம், உச்சியில் வெங்காயம்போல ஒரு முடி. ராசாவின் மேளதாளமெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று சந்தைக்காரி சொல்லியிருந்தாள்.

அழகாகத்தான் இருந்தது. ஒரு கணம் வந்த வேலையை மறந்து அவள் அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி யாரும் கையைப் பிடித்து இழுக்காமல், தானாக ஓர் இடத்துக்கு வந்து நிற்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிறகுதான் தரையைப் பார்த்தாள். வேலி ஓரமெல்லாம் லாலாங் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. ஒரு லோரி நிறைய ஆட்கள் பூந்தோட்ட வேலை செய்கிற இடமா இது?

"ஓய், அச்சி! யாரைப் பாக்குற?"

வாசல் காவலுக்கு இருந்த நடுத்தர வயது மலாய்க்காரர், தமிழ்ப் பெண்களை அங்கே கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். பாப்பம்மாவுக்குத் தெரிந்தது சந்தை மலாய். அதில் சமாளித்தாள்.

"அரண்மனை பாக்க வந்தேன்."

"யார் கூட?"

"தனியா."

"யார் அனுப்புனது?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்."

அவர் முகம் மாறியது. இந்தக் காலத்தில் கூட்டமாக வருகிறவர்களை யாரோ அழைத்து வந்திருப்பார்கள். ஒற்றைப் பொம்பிளை, அதுவும் தோட்டத்துத் தமிழச்சி, தானாக அரண்மனை பார்க்க வருவாளா? ஜப்பான் ராணுவப் போலீசுக்கு உளவு சொல்கிறவளோ என்று அவர் அவளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இவர் நம்மைப் பிடித்துக் கொடுப்பாரோ என்று அவள் அவரைப் பார்த்தாள்.

கடைசியில் அவள்தான் துணிந்தாள். "எங்க ஆளுங்க இங்க தோட்ட வேலைக்கு வந்தாங்களாமே. லோரியில கூட்டியாந்து அரண்மனையைக் காட்டுனாங்களாம். அவங்களைப் பாக்கணும்."

அவர் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் கூட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"லோரி வருது. இங்க நிக்கிறதில்ல. ஸ்டேஷனுக்குப் போகுது. அங்கேருந்து கூட்ஸ் வண்டி, வடக்கே. நான் உன்கிட்ட எதுவும் சொல்லல. உன்னை எவனாவது அனுப்பியிருந்தா, வாசல் காவல்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போய்ச் சொல்லு. போ."

சாயங்காலம் அவள் லயத்துக்குத் திரும்பியபோது வாசலில் இருளப்பனோடு குணவதி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து, காய்ச்சலுக்கு மருந்து தேடிக் குணவதியே இந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தாள்.

குணவதியை வழியனுப்பிவிட்டு இருளப்பன் உள்ளே வந்தான். பாப்பம்மாவின் இடுப்புத் துணியை அவிழ்த்து அரிசியைப் பார்த்தான்.

"யாரு குடுத்தா?"

"புடவையைக் குடுத்து வாங்குனேன். அலோர் ஸ்டார் போனேன். அரண்மனையைப் பாத்தேன்." எல்லாவற்றையும் சொன்னாள். மலை இல்லாததை, மஞ்சள் கோபுரத்தை, புல்லை, காவல்காரர் சொன்னதை.

"தனியா ரயிலேறிப் போனியாக்கும்? அரண்மனை பாக்க?" அவன் சிரித்தான், அழுகைபோல இருந்தது. "எத்தனை நாளா என் வாயை ஊதச் சொன்ன? இப்ப நீ சொல்லு. யார் கூடப் போன?"

அவளால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அந்த அரிசியை அவன் தொடவில்லை.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போய்க் கிராணி முத்துக்குமாருவிடம் பார்த்ததைச் சொன்னாள். அவர் முன்பு அலோர் ஸ்டாரில் வேலை பார்த்தவர், அரண்மனை இருக்கிற இடம் அவருக்குத் தெரியும் என்று நினைத்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ அங்க போனதை வேற ஆருக்கும் சொன்னனியோ?"

"வீட்டுக்காரருக்கு மட்டும் ஐயா."

"அதோட நிப்பாட்டு. விளங்குதோ?"

மிரட்டுகிறாரா, காப்பாற்றப் பார்க்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

லோரி வருவதற்கு முந்தின நாள், முருகையா மறுபடி லயத்துக்கு வந்து ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசினான். பாப்பம்மாவால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"முருகையா அண்ணே, அரண்மனை எங்க இருக்கு?"

"அதான் சொன்னேனே, மலை மேல."

"அலோர் ஸ்டார்ல மலை ஏது? ஊருக்கு நடுவுல, பள்ளிவாசலுக்கு எதுக்க இருக்கு. மஞ்சக் கோபுரம் நிக்குது. நீ பாத்தியா அதை? கிராணி ஐயாவுக்குத் தெரியுமில்ல, கேளுங்க!"

ஆபீஸ் படியில் நின்ற முத்துக்குமாருவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மண்டோரைப் பார்த்தார். "எனக்கு வேலை கிடக்கு," என்று உள்ளே போய்விட்டார்.

அந்தப் பதில் சிலருக்குப் போதுமாக இருந்தது. மெதுவாகக் கலைந்தார்கள். மற்றவர்கள், "அவளுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று சிரித்தார்கள். இருளப்பன் எல்லார் முன்னாலும், "நான் போறேன்," என்றான்.

காலையில் லோரி வந்தது. கிராணி திடீரென்று தோட்டத்து ரப்பர் ஆலையில் அவசர வேலை என்று சில ஆண்களைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். உண்மையாகவே வேலை இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. மீதிப் பேர் ஏறினார்கள். இருளப்பன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. பாப்பம்மா லோரியின் பின்னால் ரோடுவரை ஓடிவிட்டு நின்றாள்.

லோரியில் நடந்ததை இருளப்பன் பின்னால் சொன்னான். கையில் பட்டை கட்டிய ஒரு தமிழ் ஆள் கூட வந்தான். வழியெல்லாம் அரண்மனையைப் பற்றிச் சளைக்காமல் பேசினான். அலோர் ஸ்டாருக்குள் நுழைந்ததும் கறுப்புக் கும்மட்டங்கள் தெரிந்தன. எதிரே மஞ்சள் கோபுரம். பாப்பம்மா சொன்ன அதே கோபுரம் என்று இருளப்பன் எழுந்து நின்றான். லோரி நிற்கவில்லை.

"அண்ணே, அரண்மனை தாண்டிப் போச்சே?"

"அது பழசு. புதுசு முன்னால இருக்கு, மலை மேல."

இருளப்பன் முன்னால் பார்த்தான். கண்ணுக்கெட்டியவரை வயல்.

ஸ்டேஷன் ரோட்டில் மாட்டுவண்டிகள் குறுக்கே வந்து லோரி மெதுவானபோது அவன் குதித்தான். பின்னால் கத்தினார்கள், ஒரு வெடிச் சத்தமும் கேட்டது. வாய்க்காலுக்குள் இறங்கி நாணலில் கிடந்தான். அதற்குப் பிறகு ரோட்டை விட்டு, வரப்பிலும் காட்டிலும் பதுங்கி நடந்து, கால் வீங்கி வந்து சேர்ந்தான்.

ஒரு விடியற்காலையில் பால்மரங்களுக்கு நடுவே நிழல்போல நின்றவனைக் கண்டு பாப்பம்மா வாளியைப் போட்டுவிட்டாள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. "மஞ்சளாத்தான் இருக்கு," என்றான். அவனை ஆற்றோரத்துக் கிழங்குக் கொல்லையில் ஒளித்துவைத்து, ஜப்பான்காரன் சரணடையும்வரை அவளே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த லோரியில் போனவர்களில் சண்டை முடிந்து திரும்பியவர்கள் ஓரிருவர்தான். மற்றவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் சயாம் ரயில் பாதையோரத்திலேயே போய்விட்டார்கள். சுங்கை பட்டாணியில் முருகையாவை ஜனங்கள் பிடித்து அடித்தபோது, "தம்பியைத் திருப்பித் தரேன்னு சொன்னாங்க, ஆள் சேர்த்துக் குடுத்தா விட்டுர்றோம்னாங்க," என்று அழுதானாம். தம்பி திரும்பவேயில்லை. கேள்விப்பட்ட பாப்பம்மா, "இருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

அதோடு முடியவில்லை. அந்த லோரியில் புருஷனைப் பறிகொடுத்த ரமணி ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அவளை மறித்துக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் எப்படி முன்னாலேயே தெரிஞ்சது? உன் புருஷன் மட்டும் எப்படிக் குதிச்சான்?"

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னேனே, ரமணி. எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

"யாரும்மா அந்தக் காலத்துல தனியாப் போய் அரண்மனை பாத்தா? உன்னை யாரு கூட்டிட்டுப் போனா? சப்பான்காரனா, மண்டோரா?"

சுற்றி நின்றவர்கள் யாரும் ரமணியை அடக்கவில்லை. அன்றிலிருந்து குழாயடிக்குப் பாப்பம்மா வந்தால் பேச்சு நின்றுபோகும். அந்த வருஷக் கடைசியில் பாப்பம்மாவும் இருளப்பனும் செர்டாங் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

புது இடத்தில் இருளப்பனுக்கு ஒரு பழக்கம் பிடித்துவிட்டது. யார் வந்தாலும், "எம் பொண்டாட்டி தன்னந்தனியா ரயிலேறிப் போய் அரண்மனை பாத்தவ," என்று பெருமையாக ஆரம்பிப்பான். பாப்பம்மாவுக்கு அது பிடிக்காது. அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, வாசலில் வேறு யாராவது நின்று கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், சாப்பிட வாங்க," என்பாள்.