மணிக்கு ஒரு கட்டம்

போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்ன செய்வது? வீட்டில் கமலம் படுத்துவிட்டாள். ஒரு வாரமாய்க் காய்ச்சல்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! ஒரு தெர்மாமீட்டரும் கிராஃப் காகிதமும் வாங்கிவந்து, மனைவியின் காய்ச்சலைப் படம் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவை பார்த்ததற்கும் ஒரு கட்டம், அதில் ஒரு புள்ளி, பக்கத்தில் பொடி எழுத்தில் மணி. உடம்பு கொதித்தால் பயத்தில் அரைமணிக்கொரு தரம் பார்ப்பேன். தணிந்தால்... அப்பாடா என்று ஆபீஸுக்குப் போய்விடுவேன். அன்றைக்கெல்லாம் இரண்டே புள்ளி.

டாக்டர் படத்தைப் பார்த்தார். காய்ச்சல் இறங்கவே இல்லையே, டைபாய்டாக இருக்கலாம் என்றார். பார்லித் தண்ணீர் மட்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி. வலியசாலைத் தெருவில் போன வருஷம் டைபாய்டில் போனவளை எனக்குத் தெரியும். 

வெள்ளிக்கிழமை காலை கமலத்துக்குச் சற்றுத் தேவலை. என் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தவள்.

"ஏன்னா, திங்கட்கிழமை முழுக்க ரெண்டே கட்டத்துல முடிஞ்சுடுத்தா?"

வேறு காகிதம் கேட்டாள். தலையணையில் சாய்ந்தபடி, அடிக்கோட்டில் மணிக்கு ஒரு கட்டம் என்று இரவு பகல் விடாமல் எண் போட்டாள். என் புள்ளிகளையே அந்தந்த மணிக்கு மேல் வைத்தாள்.

ஞாயிறு, செவ்வாய், வியாழன்... சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு மூன்று குன்றுகள். நடுவே எல்லாம் சமதரை! நான் பயந்த அரைமணியும் நிம்மதியாக இருந்த அரை நாளும் ஒரே அகலமாக அல்லவா என் காகிதத்தில் இருந்தன? கவலைப்படுகிற மனுஷன் போடும் படம் வேறெப்படி இருக்கும்?

படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "இது ஒன்றுவிட்டொரு நாள் வர்ற மலேரியா தன்னே," என்றார் டாக்டர், தம் மலையாளத் தமிழில். ரத்தம் பார்த்தார்; அதுவேதான். கொயினா கொடுத்தார். அந்தக் கசப்பு மருந்துக்கும், அதைவிட அவளுடைய கணக்குக்கும் நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

சனிக்கிழமை லேசாக வந்து போயிற்று. திங்கட்கிழமை நாலு மணிக்கு மறுபடி பார்த்தேன். நார்மல்! குறித்துக்கொண்டேன்.

சந்தோஷத்தில் பேனாவை அழுத்தியதில் புள்ளிதான் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.