எக்ஸ்பிரஸ் அக்கா திறந்த கிளாஸ்

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா என்று பெயர். கணினித் திரையில் இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டும் குரல் மூச்சுவிடாமல் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு மண்ணும் புரியாது. அவளுக்கோ அந்த வேகமும் போதவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று, புள்ளி, கோடு, நட்சத்திரம் போன்ற குறிகள் எதையும் படிக்காதே என அதன் வாயை வேறு கட்டி வைத்திருந்தாள்.

பார்வை போனது நாற்பதைத் தாண்டிய பிறகு. கொஞ்ச காலம் அழுதாள். அப்புறம் அழுகையும் அலுத்துப்போனது. பொத்தானும் படமுமாக இருந்த நிரல்களெல்லாம் அவளைக் கைவிட்டபோது கட்டளைவரி மட்டும் கூடவே நின்றது. அங்கே எழுத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? தட்டினால் பதில் வரும், வந்ததைக் காதால் கேட்டுக்கொள்ளலாம்.

மேலாளருக்குத்தான் மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிடலாமே! அன்று காலை மேசையைத் தடவியபோது அவள் கையில் ஒரு தொலைபேசி இடித்தது.

“அக்கா, நாளையிலேர்ந்து நீங்க போன் மட்டும் பாருங்க. புரோகிராம் எழுதற சிரமமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

“சிரமம்னு நான் சொன்னேனா சார்?”

அவர் வாய் திறப்பதற்குள் அந்தப் போனே அலறியது. அவள் எடுத்தாள். மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறைப் பெண்; அவள் போட்ட சத்தம் மேலாளருக்கும் கேட்டது. அங்கே நோயாளிகளை வரிசைப்படி கூப்பிடும் நிரல் இவர்கள் செய்து கொடுத்தது.

“மேடம், இங்க ஒரு பெரியவர், மருந்தால அடிக்கடி பாத்ரூம் போறார். உள்ள இருக்கும்போதுதான் அவர் நம்பரைக் கூப்பிடுது. ‘திரும்ப வந்தார்’னு அழுத்தினா வரிசையில கடைசிக்குத் தள்ளுது. முறை வர்றதுக்குள்ள மறுபடி பாத்ரூம். காலையிலேர்ந்து இதே கூத்து. பாவம், அழுதுட்டார்!”

மேலாளர் தலையில் கைவைத்தார். “புரோகிராமை நிறுத்தினா மொத்த வரிசையும் அழிஞ்சிடும். ஹாலே அடிச்சுக்கும். சாயங்காலம் பாத்துக்கலாம்.”

“எதுக்கு நிறுத்தணும்? ஓடிட்டு இருக்கும்போதே உள்ள போய் மாத்தறேன்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“போச்சுன்னா நாளையிலேர்ந்து போன் பாக்கறேன்.”

வாயை விட்டுவிட்டாள்.

கட்டளைவரி வழியாக, ஓடும் நிரலுக்குள் நுழைந்தாள். அந்த ஹாலின் வரிசைக்கு வார்ப்பு ‘வரிசை’ என்ற கிளாஸ். வரிசை செய்யத் தெரிந்த ஒவ்வொரு வேலையும் ஒரு மெத்தட். அவர்கள் எழுதும் மொழியில் ஒரு வசதி உண்டு. கிளாஸை மறுபடி திறந்து ஒரே ஒரு மெத்தடை மட்டும் மாற்றி எழுதலாம். மற்றவை இருந்தபடியே இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வரிசையும் அந்த நொடியே புது வழிக்கு வந்துவிடும்.

கிளாஸைத் திறந்தாள். திரும்பி வந்தவர் கடைசி ஆள் அல்ல, அடுத்த ஆள் என்று மெத்தடை எழுதினாள். முடிக்கும் சொல்லைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

குரல் பேசவில்லை.

“போச்சு, தொங்கிடுச்சு,” என்றார் மேலாளர்.

சரியாக முடிந்திருந்தால் மெத்தடின் பெயரை அது திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் ஊமையாகிவிட்டது? பார்வை உள்ளவர்கள் வரியின் தொடக்கத்தில் ஒரு குறி மாறியிருப்பதைக் கவனித்திருப்பார்கள். அந்தக் குறியைப் படிக்காதே என்று வாயைக் கட்டியது யார்? சாட்சாத் இவளேதான்.

“அட, என் அவசரமே! மெத்தடை மூடினேன், கிளாஸை மூடலையே. நான் இன்னும் முடிக்கலைன்னு அது காத்துட்டு இருக்கு சார்.”

முடிக்கும் சொல்லை இன்னொரு முறை தட்டினாள்.

“திரும்பவந்தார்,” என்றது குரல், எக்ஸ்பிரஸ் வேகத்தில். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முதல் வேலையாக, குறிகளையும் படிக்கும்படி அதன் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டாள்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டு, பெரியவர் வந்ததும் மறுபடி ‘திரும்ப வந்தார்’ அழுத்தச் சொன்னாள். போன் அடித்ததும் அவள் எடுத்தாள், கேட்டாள், ரிசீவரை அவர் பக்கம் நீட்டினாள். “உங்களுக்குத்தான் சார்.”

“பெரியவர் டாக்டர் ரூமுக்குள்ள போயிட்டார் சார்! வரிசையும் கலையல!” என்ற சத்தம் அவள் காது வரை கேட்டது.

அவர் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்தார். பிறகு அவர் மேசைக்கு அடியில் குனிந்து போன் வயரைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

“இது என் மேசையில இருக்கட்டும் அக்கா. இனிமே யார் கூப்பிட்டாலும் நான் கேட்டு உங்ககிட்ட சொல்றேன்.”

“சொல்லுங்க சார். ஆனா கொஞ்சம் வேகமாச் சொல்லுங்க. இழுத்து இழுத்துப் பேசினா எனக்குத் தூக்கம் வந்துடும்.”