அக்கா எழுதிவைத்த காரணங்கள்

காலை ஆறு நாற்பது. வாசலிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிய அக்காவின் கணவர், எங்கள் மாமா, முதலில் பார்த்தது, தரையில் கிடந்த ரப்பர் பல்பை. அதன் குழாய் அக்காவின் இடது கைக்குப் போயிற்று. கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை சுற்றியபடியே இருந்தது. அக்கா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன, பேச்சு இல்லை. நான்காம் நாள் சிதம்பரத்தில், மருத்துவமனையில் காலமானார். இன்றோடு ஓராண்டு ஆகிறது.

அக்கா ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, அப்பா ஒரு காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது என்று மருத்துவர் பிறகுதான் சொன்னார். அம்மா துணி தைத்து எங்கள் இருவரையும் கடலூரில் படிக்க வைத்தார். அக்கா எதை ஆராயப் போகிறார் என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

2004-இல் சிதம்பரத்தில் ஆய்வைத் தொடங்கினார். எலியின் ரத்தக் குழாயிலிருந்து வெட்டிய மோதிரம் போன்ற சிறு துண்டை, வெதுவெதுப்பான உப்புநீரில் நூல் கட்டித் தொங்கவிடுவார். மருந்து விட்டால் அது இளக வேண்டும். நோயுற்ற குழாய் இளகாது. அந்த வேறுபாட்டைத்தான் ஏழு ஆண்டுகள் அளந்தார். வாரத்தில் ஒரு நாள் கிள்ளைக்குப் போய் மீனவக் குடும்பங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 140-ஐத் தாண்டியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே அவருடைய விதி கண்டிப்பானது. வந்தவர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். நடந்து வந்த உடனேயோ, டீ குடித்த உடனேயோ எடுத்த அளவு செல்லாது. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் தம் கையில் பட்டையைக் கட்டிக்கொள்வார்.

ஒரு முறை, நாளிதழ் நிருபரான நானும் உடன் போனேன். மீன் விற்கும் அஞ்சலை அம்மாள் கேட்டார்:

“எங்க கருவாட்டுல உப்பு ஜாஸ்தின்றீங்களே, உங்களுக்கு எவ்ளோ காட்டுதும்மா?”

“நான் மிஷினப் பாக்கறேன், என்னப் பாக்கல. வாய மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காரு.”

“நான் அஞ்சு நிமிஷம் வாய மூடுனா எங்க வூட்டுக்காரரு பொங்கலே வப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மேசைமேல் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன். முதல் வரியில் அக்காவின் அளவு: 168/104. பக்கத்தில், ‘வெயிலில் நடந்தபின். செல்லாது.’ முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். ‘படி ஏறியபின்.’ ‘டீ குடித்தபின்.’ ‘தூக்கமில்லை.’ 2007 முதல் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. எதையும் அவர் செல்லும் என்று எழுதவில்லை.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன்.

“என்னாக்கா இது? நீ ஒரு நாளாவது அஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்தியா?”

“பேப்பர்காரன் புத்தி போவுதா பாரு. இந்தக் கட்டுரைய அனுப்பிட்டு உக்கார்றேன்டா.”

மாமாவும், ஆய்வு மாணவி ஸ்டெல்லாவும் கேட்டபோதும் இதே பதில்தான். அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. அக்கா அடுத்ததைத் தொடங்கினார். நான் மறுபடி கேட்கவில்லை.

நாற்காலியில் சாய்ந்துபோன அந்தக் காலைக்கு முந்தைய மாலை, கருவியை முதன்முறையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். விடிந்ததிலிருந்து தலை வலிப்பதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டில் மறுநாள் காலைக்கான வரியில் தேதி இருக்கிறது. காரணம் எழுதும் இடத்தில், ‘ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின்’ என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறார். அளவு இல்லை.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கும், நான்கு நாளும் உடன் இருந்த ஸ்டெல்லாவுக்கும், கிள்ளையிலிருந்து வேன் பிடித்து வந்து அஞ்சலி செலுத்தியவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

கருமாதி அன்று ஸ்டெல்லா எங்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். அம்மாவுக்கு இயல்பாக இருந்தது. எனக்கு இரண்டு முறை பார்த்தார். 174/110.