ஜெயப்பிரியாவின் பச்சைப் புள்ளிகள்

படாளத்தில் பிறந்த ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. தாலி கட்டும்போதே சிரித்தவள் என்று கணவன் கலையரசன் இன்னமும் சொல்லிக் காட்டுவான். அவன் திருப்போரூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவளுக்கு ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நரம்பு செல்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்க்கிற வேலை. போன மழைக்காலம் முழுக்க அந்த செல்கள் செத்துக்கொண்டே இருந்தன. அப்போது மட்டும் வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை.

மாமியார் சரோஜாவுக்குப் பார்க்கின்சன். வலது கை நடுங்கும். ஒரு நாள் காபியைச் சிந்திவிட்டு, "அந்தத் தட்டுல இன்னாதான்டி பண்ணிகினு கீற?" என்றாள்.

"நரம்பு செல்லுல கெட்டுப்போன புரதம் குப்பையாச் சேரும் அத்தே. செல்லு அத தானே அள்ளித் தின்னுடும். ஆட்டோபேஜின்னு பேரு. அது மந்தமானாலும் உங்களுக்கு வந்த மாதிரி நோவு வரலாம்னு சொல்றாங்க. நரம்புங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல நியூரோபெப்டைடுன்னு குட்டித் துண்டுங்கள அனுப்பும். பசி எடுத்தா அதுல ஒரு வகை மூளையில நெறைய வரும். அது வந்தா குப்பை அள்றது வேகமாவுதான்னு பாக்குறோம்."

"பசிச்சாதான் வூட்டப் பெருக்குமா? உன்ன மாதிரியே கீது."

தை மாதம் ஒரு காலையில், பெப்டைடு ஊற்றிய தட்டில் பச்சைப் புள்ளிகள் நிறையத் தெரிந்தன. நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும்படி சாயமேற்றியிருந்ததால், ஒவ்வொரு புள்ளியும் செல் தனக்குள் அள்ளிக் கட்டிய ஒரு குப்பை மூட்டை. ஆனால் ஆய்வுக்கூடத் தலைவர் சதாசிவம் ஒரு கேள்வி கேட்டார். "மூட்டை அதிகமாக் கட்டுதா, இல்ல கட்டினது போக வழியில்லாம நிக்குதா?"

வீட்டில் சொன்னபோது கலையரசன் தலையாட்டினான். "ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரி வரிசையா நின்னா, நெறைய கிளம்பிச்சா, முன்னாடி ஜாமான்னு தெரியாதே. நியாயமான கேள்விதான்."

மறுவாரம், பெப்டைடு ஊற்றியது ஊற்றாதது இரண்டு தட்டிலும் மூட்டை வெளியேறும் வழியை ஒரு மருந்தால் அடைத்தாள். வெறும் ஜாம் என்றால் இரண்டும் ஒன்றுபோல நிரம்ப வேண்டும். அப்படி நிரம்பவில்லை. பெப்டைடு தட்டில் புள்ளிகள் இன்னும் கூடிக் கிடந்தன; மூட்டை கட்டுவதே அதிகமாகியிருந்தது. மறுபடி செய்தாள். அதேதான்.

சதாசிவம் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்பலாம் போலிருக்கே" என்றார்.

அவ்வளவுதான். ஜெயப்பிரியா சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டில் சரோஜா கேட்டாள். "அப்ப எனக்கு மருந்து வந்துருச்சா?"

சிரிப்பு நின்றது. "இல்ல அத்தே. இது தட்டுல கீற செல்லு. மனுஷனுக்கு வர வருஷக்கணக்காவும். வராமலும் போவலாம்."

சரோஜா முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி. இன்னிக்கு நல்ல நாளா இல்லியா, அதச் சொல்லு."

"நல்ல நாளுதான்."

"அப்ப அவன வண்டிய எடுக்கச் சொல்லு. கடலுக்குப் போவலாம்."

பாட்டை அலறவிட்டுக்கொண்டு மூவரும் சதுரங்கப்பட்டினம் போனார்கள். மாமியாரின் கையை இறுகப் பிடித்து ஜெயப்பிரியா தண்ணீரில் இறங்கினாள். ஓர் அலை இருவரையும் அப்படியே உட்கார வைத்தது. தூக்கிவிட ஓடிவந்த கலையரசனும் வழுக்கி விழுந்தான். இடுப்புவரை நனைந்த சரோஜா மருமகளின் தோளை அழுத்தினாள்.

"எழுந்திரிக்காத. இன்னொண்ணு வந்துகினு கீது."