ஆண்டவரே, பசிக்கிறது

என்னை உயிரோடு வைத்து இதை எழுத வைத்த ஆண்டவருக்கு முதலில் ஸ்தோத்திரம். மற்றவர்களுக்கு நன்றி சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாட்சி என்றால் இனிக்க இனிக்கச் சொல்ல வேண்டும் என்று நம் சபையில் ஒரு பழக்கம். என் சாட்சி கசக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எனக்கு அறுபத்துமூன்று வயது. சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் பேக்கிங் ஃபோர்மேன். போன தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. லோடெல்லாம் ஏற்றி அனுப்பிய பிறகு மதுரைக்குப் போய்க் காட்டினேன். பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் பரவவில்லை, வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வீர்கள் என்றார்கள். என் மனைவி எஸ்தரும் கூட வந்திருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது விருதுநகர் தாண்டியதும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளே சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார். உருக்கமாக ஜெபித்தார். ஆபரேஷன் நாள் வரைக்கும் நான் பகலில் உபவாசம் இருக்க வேண்டும், ராத்திரி கஞ்சி மட்டும், முட்டைகூடக் கூடாது என்றார். நோயாளியே உபவாசித்தால்தான் பரலோகம் அசையுமாம். சபையில் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சங்கிலி உபவாசம் நடந்தது. அவர்கள் ஆளுக்கு ஒரு வேளை சாப்பாட்டை விட்டார்கள். நான் தினமும் விட்டேன். மனப்பூர்வமாகத்தான் விட்டேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆண்டவர் கட்டியைக் கரைத்துக்கொண்டிருக்கிறார் என்று மூப்பர் சொன்னார். சதைதான் கரைந்துகொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைக்குப் போனோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா பார்த்தார். இதயம் நன்றாக இருந்தது, நுரையீரலும் நன்றாக இருந்தது. பிறகு ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். முள் கொஞ்சம்தான் ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். ஒரு தடவை எழுந்தேன். அடுத்த தடவை முடியவில்லை. வாலிபத்தில் வெடிப் பெட்டிகளை இரண்டிரண்டாகத் தோளில் ஏற்றியவன், எஸ்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று உட்கார்ந்தேன். ரத்தத்தில் ஆண் ஹார்மோனையும் பார்த்திருந்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

அது படுக்கையறைச் சமாச்சாரம் மட்டும் இல்லை, சதைக்கும் எலும்புக்கும் ரத்தத்துக்கும் அதுதான் தெம்பு கொடுக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, ஆனால் கைப்பிடி, நடை, எடை எல்லாமே அதே கதையைத்தான் சொல்கிறது என்றார். ஊசி போட்டு ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். அவசரத்துக்கு ஏற்றினால் ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு, முதலில் உடம்பு ஏன் இப்படி வற்றியது என்று தெரிய வேண்டும் என்றார். என்ன சாப்பிடுகிறார் என்று எஸ்தரிடம் கேட்டார். எஸ்தர் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“ஐயா, உங்க வயசைப் பார்த்து நான் பயப்படல. இந்த உடம்போட மேஜையில படுத்தா கட்டியை எடுத்துருவோம். உங்களை எழுப்ப முடியாது.”

மூன்று நான்கு வாரம் தருகிறேன், தேறி வாருங்கள், அதற்கு மேல் கட்டி காத்திருக்காது என்றார்.

எஸ்தர் பயத்தில் ஜெபக்குழுப் பெண் ஒருத்தியிடம் இதைச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மைக்கில், ஜெப விண்ணப்பமாக வந்தது. நம்முடைய சகோதரருக்கு ஆண் ஹார்மோன் குறைவாம், பாரத்தோடு ஜெபியுங்கள் என்றார்கள். பெண்கள் பக்கம் முக்காடுகள் வாயை மூடின. ஆண்கள் பக்கம் அதுகூட இல்லை, வாய்விட்டே சிரித்தார்கள். மறுநாள் டீக்கடையில் என்கூட வேலை பார்க்கிறவன் கேட்டான், “ஏலே மாப்ள, இனி ஒனக்கு மீசை எதுக்குலே?” சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மூப்பர் திரும்ப வந்தார். விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ராத்திரிக் கஞ்சியையும் விட்டுவிடுங்கள் என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் பெரியவரா, தேவன் பெரியவரா என்று கேட்டார். எஸ்தரும் தலையாட்டினாள். அன்று என் வீட்டிலேயே நான் அநாதை.

ராத்திரிக் கஞ்சியையும் விட்ட இரண்டாம் நாள் மத்தியானம் கட்டிலோரம் முழங்கால் போட்டேன். விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாயில் வசனம் எதுவும் வரவில்லை.

“ஆண்டவரே, பசிக்குது. உம்ம பேரைச் சொல்லி என்னைப் பட்டினி போடுறாக. எனக்கு வேற எதுவும் கேக்கத் தெரியல. பசிக்குது.”

எஸ்தர் அடுக்களையில் நின்று கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. தட்டு நிறையச் சோறும் பொரித்த முட்டையுமாக வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“சாப்பிடுங்க. பாவம்னா என் தலையில விடியட்டும். நீங்க இல்லாத வீட்ல நான் யாருக்காக உபவாசம் இருக்க?”

அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவளும் அழுதாள். கேட்ட ஜெபத்துக்கு அத்தனை சீக்கிரம் பதில் வந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு முட்டை, ஆட்டுக்கால் சூப், மீன், நிலக்கடலை என்று டாக்டரம்மா சொன்னபடி சாப்பிட்டேன். ஆனைக்குட்டம் அணைக்கரையில் காலையில் நடந்தேன். வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். மூச்சு வாங்கும். ஆனாலும் விடவில்லை.

மறுபடி போனபோது கருவியில் முள் நன்றாக ஏறியது. ஹார்மோனும் கூடியிருந்தது, முழுசாக இல்லை. போதும் ஐயா, தாங்குவீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது. எழுப்பினார்கள், எழுந்தேன். ஆண்டவரே, உமக்கு நான் எம்புட்டுக் கடன்பட்டவன்!

இனிமேல்தான் கசப்பு. உபவாச ஜெபத்தால் சுகம் என்று சாட்சி சொல்லும்படி மூப்பர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். முட்டை வரைக்கும் வந்திருப்பேன், மைக் நின்றுவிட்டது. கரண்டு போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மூப்பரை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இன்னும் இல்லை. அதற்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

விஸ்வநத்தத்தில் நம் சபைச் சகோதரர் ஒருவருக்கு அடுத்து இதய ஆபரேஷன். உபவாசம் ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டால் மூப்பர் கோபிப்பாரே அண்ணே என்றார். “கோபிக்கட்டும் தம்பி. அவரா மேஜையில படுக்கப் போறாரு?” என்றேன். அவர் மனைவி என்னையே பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாப்பிடவில்லை.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். பசிக்கிறது என்று சொன்னால்கூட அவருக்குக் கேட்கிறது, அதற்கு நானே சாட்சி. விஸ்வநத்தத்துக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள். வேதபுத்தகத்தோடு ஒரு தூக்குவாளிச் சோறும் கொண்டுபோங்கள். அந்தச் சகோதரர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்து வராதீர்கள்.