தலையைப் பிடித்த கை

எங்கள் ஆம்புலன்ஸ் உதவியாளனுக்குப் 'பசை' என்று பட்டப்பெயர் வைத்ததே டிரைவரான நான்தான். விழுந்து கிடக்கும் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தானென்றால் டாக்டர் சொல்லும்வரை விடமாட்டான். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் தலை கொஞ்சம் திரும்பினாலும் கைகால் ஆயுசுக்கும் போய்விடலாம் என்பான். பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்க வரும் தாய்மார்கள்மேல் எரிந்து விழுவான். இதமாகச் சொல்லித் தொலையேன் என்று நானும் சொல்லி அலுத்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வீட்டிலும் இதே பாட்டு. மகளைத் தரையில் படுக்கப்போட்டு, முழங்கையை ஊன்று, இப்படிப் பிடி என்று மனைவிக்குப் பாடம் எடுப்பான். காய் நறுக்குகிற நேரத்தில் இதென்ன கூத்து அண்ணே என்று அவள் என்னிடம் வந்து புலம்புவாள்.

ஒரு மத்தியானம் வந்த அழைப்பு அவன் வீட்டு விலாசத்துக்கே. ஏழு வயது மகள் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டாளாம். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளே அவன் மனைவி தரையில் கவிழ்ந்து படுத்து, முழங்கையை ஊன்றி, மகளின் தலையைப் பிடித்திருந்தாள். "காலு இருக்கறதே தெரியலப்பா" என்று பிள்ளை முனகியது. அவ்வளவுதான், பசையின் பதினோரு வருஷ அனுபவமும் காற்றில் போயிற்று. மகளை வாரி எடுக்கப் பாய்ந்தான்.

"தொடாதீங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நீங்க இப்ப வெறும் அப்பா. அண்ணன் சொல்றதைக் கேளுங்க."

பாவி, அப்படியே உறைந்து நின்றான். கழுத்துப்பட்டையை நான் மாட்டினேன். தலையைப் பிடித்தவர்தான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வேண்டும். அவள் சொன்னாள், நாங்கள் இருவரும் பிள்ளையை உருட்டிப் பலகையில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

சாயங்காலம் பிள்ளையின் கால் பெருவிரல் அசைந்தது. எலும்பில் விரிசல், நரம்பு தப்பித்தது, தூக்கியிருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். எனக்குக் கண்ணைக் கரித்தது, மறைப்பானேன்.

பசை மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, விறைத்துப்போன அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டான்.

"நான் தூக்கியிருப்பேன்டி."

"நானும் தூக்கத்தான் குனிஞ்சேன்," என்றாள். "நீங்க திட்டுறது காதுல கேட்டுச்சு."

அதுவரை அழாதவள், அதைச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.